கடலில் வலதும் இடதும் போதாது

சென்னை அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் தொடங்கி, குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தூத்தூர் வரை கடற்கரையோரமாகவே இறங்கிப் போகிறவருக்கு, ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் அந்த நீளத்தில் மணலின் நிறம் மாறுவது தெரியும், படகின் வடிவம் மாறுவது தெரியும். காது கொடுத்துக் கேட்டால், காற்றையும் நீரையும் பற்றிய பேச்சும் ஊருக்கு ஊர் மாறுவது புரியும். சென்னைக் கரையில் நீரோட்டத்துக்குப் பெயர் வெள்ளம். தெற்கிலிருந்து வருவது தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. தென்கரைக்குப் போனால் அதே நீரோட்டம் நீவாடு. இவற்றை வட்டார வழக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். இல்லையென்றால் நெய்தல் நாவல்களின் பின்னிணைப்பில் சொற்பட்டியலாக வாசித்து வியந்துவிட்டு நகர்கிறோம். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. கடற்சொல் ஒரு கருவி. படகு வாங்குகிறவர் எஞ்சினையும் ஜிபிஎஸ்ஸையும் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறாரோ, அவ்வளவு கவனத்தோடு தன் கரையின் சொற்களையும் கற்றாக வேண்டும். பயிற்சி நிலையங்களும் வானிலை அறிவிப்புகளும் அந்தச் சொற்களிலேயே பேசியாக வேண்டும்.

கரையில் நிற்கும்போது வலமும் இடமும் நம் உடம்போடு ஒட்டியவை. நாம் திரும்பினால் அவையும் திரும்பும். சாலையில் போகிற எல்லோரும் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதால் அதில் குழப்பம் வருவதில்லை. படகில் அப்படியில்லை. வலை வாங்கும்போது ஒருவர் பக்கவாட்டில் குனிந்திருப்பார், ஒருவர் பின்பக்கம் திரும்பி எஞ்சினைக் கவனிப்பார், இன்னொருவர் விழுந்த வலையைப் பார்த்து முதுகு காட்டி நிற்பார். ‘வலப்பக்கம் பார்’ என்று கத்தினால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். அணியம் என்றால் படகின் முன்தலை, அமரம் என்றால் பின்தலை. யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் இவை இரண்டும் இடம் பெயர்வதில்லை. மலையாளக் கரைக்கும் இவை பொதுச் சொற்கள். ஆலப்புழையின் சுண்டன் வள்ளங்களில் உயர்ந்தெழும் பின்தலையில் நின்று திசை திருப்புகிறவர் அமரக்காரர்; மீனவர் வாழ்க்கையை வைத்துப் பரதன் இயக்கி மம்முட்டி நடித்து 1991-ல் வந்த படத்துக்கும் ‘அமரம்’ என்றே பெயர்.

படகு உரிமையாளருக்கு இதெல்லாம் எதற்கு, கடலுக்குப் போகிறவருக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். நம் விசைப்படகுத் துறைமுகங்களில் உரிமையாளர் பலர் கரையில் இருக்க, படகை ஓட்டிப் போகிறவர் வேறொருவர் என்பது உண்மைதான். அந்த ஏற்பாட்டினால்தான் சொல்லின் தேவை கூடுகிறது. கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் அரைகுறையாக ஒரு செய்தி வருகிறது. ‘அமரத்தில் தண்ணீர் ஏறுகிறது’ என்றால், புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறும் துளையில் கசிவு இருக்கலாம் என்பது முதல் யூகம். எஞ்சினை ஓட்டலாமா, நிறுத்தலாமா என்பது உடனடிக் கேள்வி. ‘அணியத்தில் தண்ணீர்’ என்றால் எதிலோ மோதியிருக்கலாம், பலகை விட்டிருக்கலாம். வேகத்தைக் குறைத்து முன்தலைப் பாரத்தைப் பின்னுக்கு நகர்த்துவது முதல் வேலை. ஒரே ஒரு சொல்லில் பழுதின் இடமும் அதற்குச் செய்ய வேண்டியதும் அடங்கிவிடுகின்றன. அது விளங்காத உரிமையாளர் ‘எந்தப் பக்கம், எந்தப் பக்கம்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம், கடலில் இருப்பவர்களின் நேரம்.

இதே தேவையிலிருந்து பிறந்தவைதான் உலகம் முழுவதும் வழங்கும் ஸ்டார்போர்டு, போர்ட் என்ற பெயர்கள். வட ஐரோப்பாவின் பழைய கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது; அந்தப் பக்கம் ஸ்டார்போர்டு ஆயிற்று. துடுப்பு நசுங்காமல் இருக்க மறுபக்கத்தையே துறையோரம் அணைத்து நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் லார்போர்டு என்று பெயர். ஸ்டார்போர்டு, லார்போர்டு இரண்டும் புயற்காற்றில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டது. இதைவிட விசித்திரமானது சுக்கான் ஆணைகளின் கதை. சுக்கானை அசைக்கும் கைக்கோலை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். கைக்கோல் போய்ச் சக்கரம் வந்த பிறகும் ஆணைகள் அந்தக் கோலின் கணக்கிலேயே தொடர்ந்தன. 1912-ல் பனிப்பாறையைக் கண்ட டைட்டானிக்கில் சுக்கான் பிடித்தவருக்கு இடப்பட்ட ஆணை ஸ்டார்போர்டு. கப்பல் திரும்பியது இடப்பக்கம். அன்றைய மரபின்படி அது சரியான ஆணையே. 1930-களின் தொடக்கத்தில்தான், கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தின் பெயரையே ஆணையாகச் சொல்லும் வழக்கம் நிலைபெற்றது. கடற்சொல் பழமைக்காகக் காக்கப்படும் ஒன்றல்ல என்பதற்கு இவை இரண்டும் போதிய சாட்சி. ஆபத்து விளையும் என்று கண்டால் மாலுமிகளே அதை மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் உலகம் ஒப்புக்கொண்ட ஆங்கிலச் சொற்களையே எல்லோரும் கற்றுக்கொண்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். குமரிமுனைக்குத் தெற்கே சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போய்வரும் பாதையில் இரவு வலை போடுகிறவருக்கு, 1972-ல் உருவாகி 1977-ல் நடைமுறைக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகள் தெரியாமல் தீராது. கப்பலின் ஸ்டார்போர்டு பக்கம் பச்சை விளக்கு, போர்ட் பக்கம் சிவப்பு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நேரே நம்மை நோக்கி வருகிறது. இருவருமே தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எஞ்சினில் ஓடும் இரண்டு கலங்கள் குறுக்கே வந்தால், எதிரியைத் தன் வலப்பக்கம் காண்பவரே வழிவிட வேண்டும். ஒரு குறு ஊதல் வலப்பக்கம் திரும்புகிறேன் என்பதற்கு, இரண்டு இடப்பக்கத்துக்கு, மூன்று எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது என்பதற்கு. அந்நியக் கப்பலோடு பேசும் மொழி இது. இதில் தமிழ்ச் சொல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஆனால் படகுக்குள் ஐந்தாறு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு. அலை அடிக்கும் நொடியில் வாயில் வருவது வகுப்பில் மனப்பாடம் செய்த சொல் அல்ல, சிறுவயது முதல் காதில் விழுந்த சொல். பயிற்சி முதலாவதை மட்டும் கற்பித்துவிட்டு இரண்டாவதைக் கொச்சை என்று விட்டுவிட்டால், இரு மொழிக்கும் நடுவில் பாலம் இருக்காது. நம் கரை எந்நாளும் வெளியாரின் சொல்லுக்குக் கதவடைத்ததும் இல்லை. சுக்கான் அரபு வழி வந்தது, நங்கூரம் பாரசீக வழி வந்தது. இந்தியப் பெருங்கடலின் கப்பல் தொழிலாளர் பேசிய கலவை மொழிக்கு தாமஸ் ரோபக் 1811-லேயே ஒரு கடல் அகராதி தொகுத்தார். தொழிலாளியின் பேச்சு தெரியாமல் கப்பல் ஓட்ட முடியாது என்பது அன்றைய அதிகாரிகளுக்குப் புரிந்திருந்தது.

நாகப்பட்டினம் கடந்து கோடியக்கரைக்கு வரும்போது நிலவரைபடமே இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. அதுவரை வடக்கு தெற்காக ஓடிய கரை, அங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. சென்னையிலும் கடலூரிலும் ‘கிழக்கே போவது’ என்றால் கடலுக்குள் போவது. கோடியக்கரையைத் தாண்டி அதிராம்பட்டினம் பக்கம் கடல் தெற்கே இருக்கிறது. இராமேஸ்வரம் தீவில் வடக்கேயும் தெற்கேயும் கடல். குமரிமுனையைச் சுற்றிவிட்டால் கடல் தென்மேற்கே போய்விடுகிறது. ஒரு கரையில் கடலைக் குறிக்கும் திசை இன்னொரு கரையில் நிலத்தைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட கடற்கரையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அமைந்த சொற்கள் தடுமாறும். காற்றை வைத்து அமைந்தவை நிற்கும். வாடை வடக்கே இருந்து வருவது, கொண்டல் கிழக்கே இருந்து, சோழகம் தெற்கே இருந்து, கச்சான் மேற்கே இருந்து. பெயரைச் சொன்னதும் பருவம், அலை, எந்தக் கரையில் படகை விடலாம் என்பது வரை விளங்கிவிடுகிறது. பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இராமேஸ்வரத்தார் சொல்வதுண்டு. வாடைக் காலத்தில் அந்தப் பெண்கடலும் கொந்தளிக்கும்; அப்போது தீவின் தென்புறம் அடங்கும். கச்சானும் சோழகமும் வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். பருவம் பார்த்துப் படகுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவதும், பாம்பன் கால்வாயில் நீரோட்டம் திசை திரும்புவதும் இந்தக் காற்றுகளின் கணக்கில்தான்.

காற்றின் திசைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அதில் உயிர்காக்கும் செய்தி இருக்கிறது. 1857-ல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் வகுத்துச் சொன்ன விதி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள எந்தக் கடலுக்கும் பொருந்தும். வீசும் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால், தாழ்வின் மையம் நம் வலக்கைப் பக்கம், சற்றே பின்தள்ளி இருக்கும். கருவி எதுவும் இல்லாத படகில்கூட, காற்று வாடையிலிருந்து கச்சானுக்குத் திரும்புகிறதா அல்லது கொண்டலுக்குத் திரும்புகிறதா என்று கவனிப்பவர், புயல் தன்னைச் சுற்றி எப்படி நகர்கிறது என்று ஊகிக்க முடியும். நம் மீனவர் எச்சரிக்கைகளிலோ ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று’ என்று வேகமும் கடற்பகுதியுமே முன்னால் நிற்கின்றன. எந்தக் காற்று, எந்தச் சாமத்தில் திரும்பும் என்பதுதான் படகுக்காரர் முதலில் கேட்பது. பாம்பனில் 2016 முதல் 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி போன்றவை இந்த இடைவெளியை நிரப்ப வழி இருக்கிறது என்பதற்குச் சான்று. உள்ளூர் ஒலிபரப்பில் உள்ளூர்க் காற்றின் பெயரைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இங்கே கடினமான ஆட்சேபம் ஒன்று எழும். கச்சான் என்பது ஓரிடத்தில் மேல்காற்று, இன்னோரிடத்தில் தென்மேற்குக் காற்று. ஊருக்கொரு பொருள் சொல்லும் பெயரை அறிவிப்பில் வைத்தால் குழப்பம்தானே மிஞ்சும்? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து குமரி வரை ஒரே அறிவிப்பை வாசிப்பதாக இருந்தால் குழப்பம் நிச்சயம். ஆனால் அறிவிப்பு அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? கடலின் நிலை பற்றிய கணிப்புகள் இன்று மாவட்டம் மாவட்டமாகவே வெளியாகின்றன. திசையைப் பாகைக் கணக்கில் ஒருமுறையும், அந்தக் கரையின் பெயரில் ஒருமுறையும் சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். ஒரே சொல் எல்லாக் கரைக்கும் ஒரே பொருளில் வழங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. அந்தந்தத் துறையில் அது ஒரே பொருளில் வழங்கினால் போதும்.

தூத்துக்குடிக்கு வந்தால் சொற்களின் வளம் அடர்த்தியாகிறது. அதோடு எல்லாச் சொல்லையும் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியும் வருகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன மரத்தோணிகளின் ஊர் அது. தோணியை ஓட்டுகிறவர் தண்டல், கட்டுகிறவர் ஓடாவி. அடிமரம் ஏரா, அதிலிருந்து விலா எலும்புகளாய் எழுவன வங்குகள். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். கல்பத்து வேலையை அருகில் நின்று பார்த்தால் இந்தச் சொற்களின் துல்லியம் புரியும். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மூட்டில் பஞ்சைத் திரித்து நீளவாக்கில் வைத்து, தட்டையான உளியும் கொட்டாப்புளியும் கொண்டு விரல் விரலாக நகர்ந்து அடித்து இறக்குகிறார்கள். திரி போதாத இடத்தில் அடியின் ஓசை தளர்ந்து கேட்கும், நிறைந்த இடத்தில் இறுகிக் கேட்கும். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுகிறார்கள். மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும்போது திரி இன்னும் இறுகும். கல்பத்து தளர்ந்துவிட்டது என்று ஓடாவி சொன்னால் அது ஒரு பொதுப் புகார் அல்ல. எந்த மூட்டு, எத்தனை முழம், எத்தனை நாள் வேலை என்று உடனே கணக்குப் போட முடிகிற தகவல்.

ஃபைபர் படகில் பலகை மூட்டே இல்லை. எனவே அங்கே கல்பத்துக்கு வேலையும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருவாரியாக வந்து இறங்கியபோது, கட்டுமரங்களோடு அவற்றின் உறுப்புப் பெயர்களும் புழக்கத்திலிருந்து நழுவின. பொருள் போன பிறகு பெயரை இழுத்துப் பிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அது அகராதியின் வேலை. பெயர் குறிக்கும் ஆபத்து இன்னும் இருக்கிறதா என்பதே என் அளவுகோல். பாய் இறங்கிவிட்டது, ஆகவே தாமான் நூலகத்துக்குப் போகலாம். காற்று நிற்கவில்லை, ஆகவே கச்சான் கடலில் இருந்தாக வேண்டும்.

ஜிபிஎஸ் வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்குக் குமரி மாவட்டக் கரை பதில் சொல்கிறது. அந்தக் கரையிலும் திருவனந்தபுரம் பக்கமும் கடலடியிலுள்ள பாறைத் திட்டைப் பார் என்கிறார்கள். மீன் அடைவது அங்கே, வலை கிழிவதும் அங்கே. கரையில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மலையுச்சியையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் பொருத்தினால், இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார் இருக்கும். இந்த முறை கணிச்சம். உலகக் கப்பலோட்டிகள் எல்லோரும் நம்பும் வடிவக்கணிதமும் இதுதான். ஜிபிஎஸ் இதே இடத்தை விரைவாகக் காட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. பேட்டரி தீர்ந்தாலோ, உப்புத் தண்ணீர் ஏறினாலோ காட்டாது. அதைவிட முக்கியம், அது படகு இருக்கும் இடத்தைச் சொல்லுமே தவிர, அடியில் இருப்பது பாரா, சேறா, மணலா என்று சொல்லாது. நங்கூரம் பிடிக்குமா, கிழியுமா, வழுக்குமா என்பது அந்த மூன்றையும் பொறுத்தது. அதை அறியத்தான் பழைய ஐரோப்பியக் கப்பல்களில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அடைத்து இறக்குவார்கள். மேலே வரும்போது அதில் ஒட்டியிருக்கும் மணலையும் சிப்பித் தூளையும் பார்த்து அடித்தரையை அறிவார்கள்.

ஆழத்தைப் பாகத்தில் சொல்வதும் இப்படித்தான். இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். ஆறு அடி, அதாவது 1.83 மீட்டருக்குப் பக்கத்தில். படித்தவர்களுக்கு இது நாகரிகமற்ற அளவாகத் தோன்றும். கும்மிருட்டில் கயிறு விடுகிறவரின் கையில் மீட்டர் அளவுகோல் இருக்காது, கை இருக்கும். நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பத்துப் பாகம் ஆழமென்றால் ஐம்பது முதல் எழுபது பாகம். கை விரித்து எண்ணிக்கொண்டே விடலாம், கண் தெரிய வேண்டியதில்லை. புதிதாகப் படகு வாங்குகிறவர் கயிற்றுக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினாலும், தன் ஆட்கள் பாகத்தில் எண்ணுகிறார்கள் என்பது தெரியாவிட்டால் போதாத கயிற்றோடு படகை அனுப்பிவிடுவார்.

தூரத்தில் மட்டும் நான் மறுபக்கம் சாய்கிறேன். கரைச்சொல் அங்கே உதவாது. கடல் மைலை அப்படியே கற்க வேண்டும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையின் ஒரு கலைக்குச் சமம் என்பதால் கடல் வரைபடத்தின் ஓரத்திலேயே அளவுகோல் அமைந்துவிடுகிறது. மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட். தமிழ்நாட்டின் 1983-ம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கிய தூரம் 3 கடல் மைல். கைபேசியில் 3 கிலோமீட்டர் பார்த்துவிட்டு மடி இழுக்கத் தொடங்கும் விசைப்படகு எல்லைக்குள்தான் நிற்கிறது, ஏனெனில் அந்த எல்லை ஐந்தரைக் கிலோமீட்டர். இலங்கையோடு 1974-லும் 1976-லும் வகுக்கப்பட்ட கடல் எல்லையும் பாகை, கலைக் கணக்கில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டது. அந்தக் கோட்டின் பெயரால் படகுகள் பிடிபடும்போது இழப்பைச் சுமப்பது உரிமையாளரும், சிறைக்குப் போகிறவரின் குடும்பமும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் ஏற்கெனவே வெகுதொலைவில் இருந்தன. எந்தச் சொல்லில் அறிவித்திருந்தாலும் எட்டாத தூரம் அது. சொற்கள் சரியாக இருந்தால் அப்போது பறிபோன உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. தொலைத்தொடர்பே முதல் தேவை. அதற்குப் பிறகு சாட்டிலைட் போனும் செயற்கைக்கோள் வழிக் கருவிகளும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கருவியின் சிறு திரையில் எத்தனை எழுத்துகள் இடம்பெறும், அவை எந்தத் தமிழில் இருக்கும் என்பதை முடிவு செய்ய வேண்டிய நேரம் இது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஓட்டுகிறவர், ஓடாவி, வலை சீர்செய்கிறவர், உரிமையாளர் எல்லோரும் அந்த நாட்களில் கரையில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். மீன்வளத் துறையும் உள்ளூர்ச் சங்கங்களும் சேர்ந்து, ஒவ்வொரு இறங்குதளத்திலும் அந்த ஊர்க் காற்றின் பெயருக்கு நேரே பாகைக் கணக்கு, நீரோட்டத்தின் பெயருக்கு நேரே திசை, படகின் உறுப்புக்கு நேரே உலகச் சொல் என்று ஒரு பலகை எழுதி வைக்க அந்த 61 நாள் தாராளம். அதே பட்டியலைப் பயிற்சிப் புத்தகத்தில் அந்தந்த மாவட்டப் பதிப்பாக அச்சிடலாம். எச்சரிக்கை எழுதுகிறவரின் மேசையிலும் அது இருக்க வேண்டும்.